வாச்சாத்தி வழக்கு: சட்டம் எந்த இடத்தில் ஆள் பார்த்தது?

தருமபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் வாச்சாத்தி. ஊரில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பேசுவது தமிழ்தான், கேரளத்தோடு சம்பந்தமில்லாதவர்கள். மானாவாரி விவசாயம், ஆடு மாடு, காட்டில் கிடைப்பது, கூலி வேலை என்று பிழைத்த ஊர்.

1992 ஜூன் 20, சனிக்கிழமை. வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 அரசு ஊழியர்கள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த ஊரை வளைத்தார்கள். அதற்கு முன் வந்த சிறு குழுவுக்கும் ஊராருக்கும் வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பாகி, வனத்துறை ஊழியர் ஒருவர் அடிபட்டிருந்தார். பெரும்படை வந்தது அதன் பிறகு. வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கால்நடைகள் கொல்லப்பட்டன, நூற்றுக்கும் மேற்பட்டோர் அடிபட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் சிறுமியரும் உண்டு. பெண்களை அரூர் வனச்சரக அலுவலகத்தில் இரவு முழுக்க வைத்திருந்து, பிறகு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

இந்த வழக்கைக் கொடுமையின் கதையாகப் பலர் எழுதிவிட்டார்கள். நாங்கள் இங்கே பார்ப்பது சட்ட நடைமுறையை. அன்று இருந்த சட்டம் போதாமல்தான் இது நடந்ததா? இல்லை. தேவையான விதிகளில் மிகப் பெரும்பாலானவை 1992-இலேயே புத்தகத்தில் இருந்தன. அந்த ஊருக்கு மட்டும் அவை பொருந்தாது என்று களத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பைத் தடுக்க வேண்டிய ஒவ்வொரு படியும் வரிசையாகக் கைவிட்டது. சட்டம் ஆள் பார்த்து நடக்கிறதா என்பதைத் தீர்ப்பை வைத்து எடை போடுவது வழக்கம். வாச்சாத்தி காட்டுவது, அது முதல் 48 மணி நேரத்தின் காகிதங்களிலேயே தெரிந்துவிடுகிறது என்பதை.

அன்றே புத்தகத்தில் இருந்தவை

முதலில் சோதனை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-ஆவது பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் சோதனையிடும் அதிகாரி ஏன் சோதனை, எங்கே, என்ன பொருள் தேடுகிறோம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும். 100-ஆவது பிரிவுப்படி அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தப்படாத, மதிப்புக்குரிய இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும். கைப்பற்றிய பொருளுக்கு மகஜர் (கைப்பற்றியவற்றின் பட்டியல்) எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் நகல் தர வேண்டும். பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியம் குறையாமல். இவ்வளவும் ஒரு வீட்டுக்கான விதிகள். ஓர் ஊரையே மொத்தமாகச் சோதனையிடுவதென்றால் வீட்டுக்கு ஒரு காரணம், வீட்டுக்கு ஒரு மகஜர் வேண்டும். 'அந்த ஊர்க்காரர்களே கடத்தல்காரர்கள்' என்பது சட்டத்தின் கண்ணில் காரணமே ஆகாது.

அந்தப் பேச்சு சும்மா முளைத்ததும் அல்ல. 1871-இல் பிறந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே ஆளைக் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதியது. சட்டத்தை ரத்து செய்தாகிவிட்டது. ஒரு கூட்டத்தை மொத்தமாகச் சந்தேகிக்கும் பழக்கம் மட்டும் காவல் நிலையங்களில் தங்கிவிட்டது. மலையாளிகள் அந்தப் பட்டியலில் இருந்தார்களா என்பது இங்கே கேள்வியே இல்லை, பழக்கம் யார்மேல் வேண்டுமானாலும் பாயும்.

அடுத்து கைது. காரணத்தைச் சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். இவை நடைமுறைச் சட்டத்தில் மட்டுமல்ல, அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவிலும் இருப்பவை. விசாரணைக்கு என்று பெண்ணை அவர் வசிக்கும் இடத்தை விட்டு வரச்சொல்லக் கூடாது என்பது 160-ஆவது பிரிவு. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்ற வெளிப்படையான தடை மட்டும் அன்று கிடையாது. அது 2006-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சிறுமியர் விஷயத்தில் 1986-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 18 வயது நிரம்பாத பெண்ணைக் குற்றம் சாட்டிப் பிடித்தாலும் லாக்கப்புக்கோ சிறைக்கோ அனுப்ப அதில் வழியில்லை.

பாலியல் குற்றத்துக்கு 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்கெனவே வந்திருந்தது. அரசு ஊழியர் தன் காவலில் இருக்கும் பெண்ணிடம் செய்யும் வன்கொடுமையையும் கூட்டாகச் செய்யும் வன்கொடுமையையும் தனிக் குற்றமாக்கி, குறைந்தது 10 ஆண்டு தண்டனை என்று வைத்தது அந்தத் திருத்தம். அத்தகைய வழக்கில் தான் சம்மதிக்கவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால் அதை உண்மையென்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவும் சேர்ந்தது. போதாக்குறைக்கு, பட்டியல் சாதிகள் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் அமலில் இருந்தது. அதில் அரசு ஊழியர் குற்றவாளியானால் குறைந்தது ஓராண்டு சிறை என்று ஒரு பிரிவு. கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் அதற்கும் தண்டனை என்று இன்னொரு பிரிவு.

ஆக சட்டத்தில் ஓட்டை இல்லை. பிறகு எங்கே கோட்டைவிட்டார்கள்?

மூன்று துறையும் ஒரே வண்டியில் வந்தால்

இதுதான் வாச்சாத்தியின் உயிர்நாடி என்பது எங்கள் கணிப்பு. மாவட்டத்தில் துறைகள் ஒன்றையொன்று கண்காணிக்கும்படிதான் ஏற்பாடு. வனத்துறை அத்துமீறினால் காவல் நிலையத்தில் புகார். காவல்துறை அத்துமீறினால் கோட்டாட்சியர் விசாரணை. கீழ்மட்ட வருவாய் அலுவலர் தவறினால் ஆட்சியரிடம் மனு. ஜூன் 20 அன்று மூன்று துறையும் ஒரே படையாகப் போனதால் இந்த மூன்று கதவும் ஒரே நாளில் சாத்திக்கொண்டன. புகாரை வாங்க வேண்டியவரின் சக ஊழியரே எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். எதிரியை விசாரிக்க வேண்டியவரின் துறையும் அதே படையில். கூட்டுச் சோதனை என்பது நிர்வாகத்துக்கு வசதி. மலைக்கிராமத்துக்கு அது, முறையிடப் போக ஓர் இடமும் மிச்சமில்லாத நிலை.

மீதமிருந்தது நடுவர். ரிமாண்டு (காவலில் வைக்க நடுவர் தரும் உத்தரவு) என்பது வெறும் முத்திரை குத்தும் வேலை என்று வெளியே ஓர் எண்ணம் உண்டு. சட்டப்படி அப்படி இல்லை. கொண்டுவரப்பட்டவர் ஒவ்வொருவரையும் நடுவர் நேரில் பார்க்க வேண்டும், யாராவது அடித்தார்களா என்று கேட்க வேண்டும், காயம் தெரிந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் கூட்டமாகக் கொண்டுவந்து நிறுத்தும்போது, இரவு முழுக்க வைத்திருந்த ஆட்களே பக்கத்தில் நிற்கும்போது, திரும்பவும் அவர்கள் வண்டியில்தான் ஏற வேண்டும் என்று தெரியும்போது, எந்தப் பெண் வாய் திறப்பார்? காவலில் வைத்திருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனித்தனியாகக் கேட்பதுதான் முறை. இந்த ஒரு படி சரியாக நடந்தால் மருத்துவச் சான்று முதல் நாளே கிடைத்துவிடும். அது நழுவினால் பிறகு 19 ஆண்டுகள் வாய்மொழிச் சாட்சியை மட்டும் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். இங்கே நடந்தது அதுதான்.

வழக்கு வெளியே வந்தது மாவட்டத்துக்கு வெளியிலிருந்து திறந்த கதவுகளால். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் விஷயத்தை எடுத்துக்கொண்டது. மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை அணுக, அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழி காட்டப்பட்டது. பட்டியல் சாதிகள் பழங்குடிகள் தேசிய ஆணையத்தின் அதிகாரி 1992 ஆகஸ்டில் ஊருக்கே வந்து விசாரித்து அறிக்கை தந்தார். அந்த ஆணையம் அதே ஆண்டு மார்ச் 12 அன்று நடைமுறைக்கு வந்த 65-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் பிறந்தது. பிறந்து ஆறு மாதம் கூட ஆகாத அமைப்பு கண்டதை, மாவட்டத்தில் நூறாண்டாக வேரூன்றிய அமைப்புகள் காணவில்லை. காரணம் திறமை இல்லை. ஆணையத்தின் ஆள் யாரும் அந்த வண்டியில் வரவில்லை, அவ்வளவுதான்.

1995-இல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.-யிடம் ஒப்படைத்தது. 1996-இல் 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

கூட்டமாக வந்தவர்களில் யார் என்ன செய்தார்?

ஊரே பாதிக்கப்பட்ட, படையே எதிரியான வழக்கில் அரசுத் தரப்புக்கு மூன்று இடத்தில் சிக்கும்.

ஒன்று, அடையாளம். சீருடையில் இருப்பவர்களை முன்பின் தெரியாத கிராமத்தவர் பல ஆண்டு கழித்து அடையாளம் காட்ட வேண்டும். நாள் கடந்து நடக்கும் அடையாள அணிவகுப்பின் மதிப்பு குறையும் என்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் அம்பு. இதற்கு மருந்து அலுவலகக் காகிதம். அரசு ஊழியர் ஓர் இடத்துக்குப் போனால் அது எங்காவது பதிவாகியே தீரும்: நிலையப் பொது நாட்குறிப்பு, டூட்டி ரோஸ்டர், வண்டியின் லாக் புக், பயணப்படி பில், டீசல் கணக்கு, ஊழியர்களின் வாராந்திர நாட்குறிப்பு. ஆள் அங்கே இருந்தார் என்பதைக் காகிதம் நிறுவும். என்ன செய்தார் என்பதைச் சாட்சி நிறுவும். இரண்டையும் இணைத்தால் வழக்கு நிற்கும். காகிதங்களை முதல் வாரத்தில் கைப்பற்றாவிட்டால், பதிவேடு கிழிந்தது, கரையான் அரித்தது, காலாவதியாகி அழிக்கப்பட்டது என்று பதில் வரும். வெளி அமைப்பிடம் வழக்கு போவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டால் இழப்பு இங்கேதான் அதிகம்.

இரண்டு, தாமதமும் முரண்பாடும். புகார் உடனே தரவில்லை, மருத்துவ ஆதாரம் இல்லை, ஒருவர் சொல்வதற்கும் மற்றவர் சொல்வதற்கும் நேரத்தில், எண்ணிக்கையில் வித்தியாசம் என்று எதிர்த்தரப்பு அடுக்கும். தாமதத்துக்குக் காரணம் விளங்கினால் அது வழக்கைக் கொல்லாது. புகார்தாரர் சிறையில் இருந்தார் என்பதைவிட நல்ல காரணம் என்ன வேண்டும்? பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சி நம்பத்தக்கதாக இருந்தால் வேறு துணை ஆதாரம் இன்றியும் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் குர்மித் சிங் வழக்கில் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. சின்னச் சின்ன முரண்பாடுகள் சொல்லிக்கொடுத்த சாட்சி இது இல்லை என்பதற்கு அடையாளம் என்றே அனுபவமுள்ள நீதிபதிகள் பார்ப்பார்கள். 200 பேர் ஒரே வாக்கியத்தை ஒப்பித்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்று, அரசு அனுமதி. கடமையாற்றும்போது செய்த செயலுக்காக அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த நடைமுறைச் சட்டத்தின் 197-ஆவது பிரிவு முன் அனுமதி கேட்டது. சந்தனக்கட்டை தேடுவது கடமை. கிணற்றுத் தண்ணீரைக் கெடுப்பது எந்தத் துறையின் கடமை? பாலியல் குற்றத்துக்கு அனுமதி தேவையே இல்லை என்ற விளக்கம் 2013-இல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. அதற்கு முன்பும், செயலுக்கும் கடமைக்கும் நியாயமான தொடர்பு இருக்கிறதா என்பதே நீதிமன்றங்கள் பார்த்த அளவுகோல்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இன்னொரு முள்ளும் இருந்தது. 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தைப் பழங்குடியினர் மீது செய்தால் ஆயுள் தண்டனை என்ற 3(2)(v) பிரிவு, அவர் பழங்குடி 'என்ற காரணத்தால்' குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று பழைய வாசகத்தில் கேட்டது. குற்றவாளியின் மனத்துக்குள் புகுந்து காரணத்தை நிறுவுவது சுலபமா? நாடெங்கும் எத்தனையோ வழக்குகள் இந்த ஒரு சொற்றொடரில் தடுக்கி விழுந்தன. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 'பழங்குடி என்று தெரிந்தே' என்று மாற்றியது. தெரிந்தே என்பதை ஊரின் பெயரே நிறுவிவிடும்.

எண்கள்

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 269 பேரும் தண்டிக்கப்பட்டதாகப் பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியல்ல. 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டார்கள். இறந்தவர் மீதான வழக்கு அத்தோடு அற்றுப்போகும். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள்: வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் இதில் அடக்கம். 17 பேர் மீது பாலியல் வன்கொடுமை நிரூபணமானது. 12 பேருக்கு 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைந்த காலம். சம்பவம் நடந்து 19 ஆண்டு 3 மாதம் ஆகியிருந்தது.

மேல்முறையீடுகள் சரியாக இன்னொரு 12 ஆண்டு எடுத்துக்கொண்டன. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். தீர்ப்புக்கு முன் அவர் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்திருந்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், இறந்திருந்தால் குடும்பத்துக்கு. அதில் பாதியை பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேலை அல்லது சுயதொழில் ஏற்பாடு. கணக்குப் பார்த்தால் மொத்தம் 1 கோடியே 80 லட்சம், 90 லட்சம் குற்றவாளிகள் பங்கு.

அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் தண்டிக்கப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர் இருந்தார்கள், குறுக்கு விசாரணை இருந்தது, மேல்முறையீடு இருந்தது. சட்டப்படி அது சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். வாச்சாத்திப் பெண்களுக்கு 1992-இல் அதில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது.

215 பேர், அதுவும் கூட்டுத் தண்டனைதானா?

ஊரையே குற்றவாளியாக்கியது தவறு என்றால், படையையே குற்றவாளியாக்குவது மட்டும் எப்படிச் சரி என்று ஒரு கேள்வி உண்டு. புறந்தள்ளக் கூடிய கேள்வி இல்லை. சும்மா வண்டி ஓட்டிவந்தவரும் உண்டு, மேலதிகாரி சொல்லை மீற முடியாத கடைநிலைக் காவலரும் உண்டு.

எங்கள் பதில் இது. ஊர்க்காரர்கள் மீது விழுந்தது வசிப்பிடத்தின் பேரிலான குற்றம்; வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டியும் அதில் சிக்குவார். படையினர் மீது சாட்டப்பட்டது, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்துக்குப் போய், கண்முன் நடந்த சட்டவிரோதச் செயலில் பங்கெடுத்தார்கள் என்பது. சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கம் என்ற, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 149-ஆவது பிரிவு எல்லாக் கலவர வழக்கிலும் சாதாரண மக்கள் மீது நாள்தோறும் பாய்ந்துவந்தது. ஊர்த் திருவிழாத் தகராறில் ஓரமாக நின்றவனும் எதிரிப் பட்டியலில் ஏறுவான். அதே பிரிவு சீருடை மீது பாயும்போது மட்டும் அநியாயமாகத் தெரிவானேன்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குற்றச்சாட்டு படித்துக் காட்டப்பட்டது, தனித்தனியாகப் பதில் சொல்ல வாய்ப்பு தரப்பட்டது, தண்டனையும் ஒரே அளவில் விழவில்லை. மேலதிகாரி உத்தரவு என்பதும் சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவுக்கு மட்டுமே கேடயம்.

எங்களுக்கு உறுத்துவது எதிர்த் திசையில் இருக்கிறது. வனப்பணி அதிகாரிகள் நால்வரைத் தவிர்த்தால், தண்டனை அடிமட்டத்தில் அடர்த்தியாகவும் உச்சியில் ஒன்றுமில்லாமலும் விழுந்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2023-இல் உயர் நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. அதாவது 31 ஆண்டு கழித்து. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றப் பழங்குடிப் பெண்கள் பலியாக்கப்பட்டார்கள் என்பது அதே தீர்ப்பின் பார்வை. சந்தன மரத்தை வெட்டிச் சுமப்பது மலைக்கூலி. செதுக்கி, பதுக்கி, செக்போஸ்ட் தாண்டிக் கொண்டுபோவது மலைக்கூலியால் ஆகிற காரியமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கடமை தவறிய அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று 1990-இலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை மாவட்டத் தலைமை மீது ஆரம்பத்திலேயே எடுத்திருந்தால், கீழே இருந்தவர்கள் வாய் திறக்கும் வேகமே வேறாக இருந்திருக்கும்.

சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் எழும் கேள்வி

சித்தேரி மலையை ஒட்டிய சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மலையாளிகளும் லம்பாடிகளும் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். அதே காடு, அதே வனச்சரகம், அதே காவல் நிலையம். நாளை இதே போன்ற அத்துமீறல் இரண்டு குடியிருப்பிலும் நடந்தால், மலையாளிப் பெண்ணுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். லம்பாடிப் பெண்ணுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் லம்பாடிகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் அவர்கள் பட்டியல் சாதி, ஆந்திரத்தில் பழங்குடி. இரண்டு மாநிலத்தோடும் எல்லை பகிரும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சில கிலோமீட்டர் நடந்தால் சட்டப் பாதுகாப்பே மாறிவிடும். (1992-இல் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது.) மலையாளிகளுக்குமே பட்டியல் மாவட்டம் பார்த்துத்தான். பழைய தருமபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் அவர்கள் பழங்குடி. ஈரோட்டுப் பர்கூர் மலையில் அதே பெயருடையவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

இதைக் காட்டித் தனிச் சட்டமே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே சட்டம் போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. வாச்சாத்தி அதற்கு நேர் எதிரான சாட்சி. பொதுச் சட்டம் முழுதாக இருந்தும் அந்த ஊருக்குள் நுழையவில்லை. தனிச் சட்டம் அதை இழுத்துவர உதவியது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் பலவீனமான குழுக்களுக்குப் பொதுச் சட்டத்தைக் கறாராக நடத்துவது ஒன்றே வழி. சான்றிதழ் விஷயத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு: பழங்குடிச் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர், தாசில்தார் அல்ல. சம்பவம் நடந்த பிறகு விண்ணப்பித்தால் விசாரணை இழுக்கும், வழக்கில் அது ஓட்டையாகும். குடும்பத்தில் ஒருவருக்காவது முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது. அப்பா அல்லது உடன்பிறந்தவரின் சான்று மற்றவருக்கும் பயன்படும்.

இன்று நடந்தால்

2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சில இடத்தில் கை வலுத்திருக்கிறது. எந்த நிலையத்திலும் புகார் தரலாம், எல்லை பேசித் திருப்பி அனுப்பக் கூடாது, எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அரூரில் வாங்கவில்லை என்றால் சேலத்திலோ திருப்பத்தூரிலோ கொடுத்துவிட்டு வரலாம். வாங்க மறுத்தால் 173(4) பிரிவுப்படி எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பி, அதற்கும் பலனில்லை என்றால் நடுவரை அணுகலாம், எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் நடுவரிடம் போனால் மனு அங்கேயே நிற்கும். பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்குக் குறைந்தது ஆறு மாதம் கடுங்காவல் உண்டு. வன்கொடுமைச் சட்டத்தில் முதல் விசாரணை என்று சொல்லி இழுத்தடிக்கத் தடை இருக்கிறது. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தகுதிக்குக் கீழே இருக்கக் கூடாது, 60 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். சோதனையை வீடியோ எடுப்பது கட்டாயம் (புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு). செல்போனில் எடுத்தாலும் செல்லும். ஆகவே வாச்சாத்தி போன்ற ஒரு சோதனையில் வீடியோ எங்கே என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நிவாரணம் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016-இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி பாலியல் வன்கொடுமைக்கு 5 லட்சம், கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 8 லட்சத்து 25 ஆயிரம். பாதித் தொகை மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு, கால் பங்கு குற்றப்பத்திரிகை போனதும், மீதி நீதிமன்ற விசாரணை முடிந்ததும். மருத்துவப் பரிசோதனையை 24 மணி நேரத்துக்குள் செய்வது வழக்குக்கு மட்டுமல்ல, இந்தப் பணத்துக்கும் அவசியம் என்பதை ஊரில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் கை தளர்ந்தும் இருக்கிறது. புதிய சட்டத்தின் 175(4) பிரிவு, கடமையின்போது செய்ததாக அரசு ஊழியர் மீது வரும் புகாரில் நடுவர் விசாரணைக்கு உத்தரவிடும் முன், அந்த ஊழியரின் மேலதிகாரியிடம் அறிக்கை பெற வேண்டும், ஊழியரின் தரப்பையும் பார்க்க வேண்டும் என்கிறது. மேலதிகாரியே படையை அனுப்பியவராக இருந்தால்? வாச்சாத்திக்கு இந்தப் பிரிவைப் பொருத்திப் பாருங்கள், அறிக்கை எழுதும் பேனா யார் கையில் இருந்திருக்கும் என்பது புரியும். தப்பிக்கும் வழி, மனுவை வரையும்போதே இது கடமை சார்ந்த செயல் இல்லை என்பதைத் தனிப் பத்தியாக எழுதுவது. நாள், நேரம், செயல் ஒவ்வொன்றையும் பிரித்து, சோதனைக்கு அது எப்படித் தேவைப்படவில்லை என்று சொல்ல வேண்டும். 'அராஜகம் செய்தார்கள்' என்று பொத்தாம் பொதுவாக எழுதிய மனு இந்தப் பிரிவில் போய் மாட்டும்.

வன்கொடுமைச் சட்ட வழக்குகளைக் கண்காணிக்க மாவட்டந்தோறும் ஒரு குழு உண்டு; மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அதன் தலைவர் ஆட்சியர், எஸ்.பி. உறுப்பினர். 2023 தீர்ப்பு யார் மீது நடவடிக்கை கேட்டதோ அதே பதவிகள். அதனால் புகார் துறைத் தலைமையைத் தொடும் என்றால், மாவட்டக் குழுவுக்கு ஒரு நகலைக் கொடுத்துவிட்டு, அதே நாளில் பழங்குடிகளுக்கான தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் தனித்தனியாக ரசீதுடன் தபாலில் அனுப்ப வேண்டும். தேசிய ஆணையத்துக்கு ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் இருக்கிறது. கேட்க வேண்டிய ஆவணங்களின் பெயரையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும்: அன்றைய நிலையப் பொது நாட்குறிப்பு, டூட்டி ரோஸ்டர், வண்டி லாக் புக், சோதனை வீடியோ.